சிவாஜியைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

அக்டோபர் 1 வந்தால் சிவாஜி கணேசனைப் பற்றிய பதிவுகள் கொட்டும். அன்பில் குறையில்லை, தகவலில்தான் குறை. நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு பள்ளி விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் கிஸ்தி (வரி) வசனத்தைக் 'கலைஞரின் வசனம்' என்று அறிமுகம் செய்துவிட்டேன். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "தம்பி, அது சக்தி கிருஷ்ணசாமி" என்றார். மைக் இல்லாமலேயே அரங்கம் முழுக்கக் கேட்டது.

கலைஞர் எழுதியது 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' சக்தி டி.கே. கிருஷ்ணசாமியுடையது. இரண்டையும் பேசியது ஒரே குரல் என்பதால் எழுதியவரும் ஒருவரே என்று தோன்றிவிடுகிறது. 'சிவாஜி' பட்டத்திலும் இதே குழப்பம்தான். மராத்திய மன்னர் சிவாஜியாக அவர் நடித்த நாடகத்தை எழுதியவர் அண்ணா, அதைப் பார்த்துவிட்டுப் பட்டம் கொடுத்தவர் பெரியார்.

நாடகத்தில் தொடங்கி, பராசக்தியோடு சினிமாவுக்குப் போய்விட்டார் என்று எழுதுவது இன்னொரு தவறு. சினிமாவுக்கு வந்த பிறகும் அவர் மேடையை விட்டுவிடவில்லை. கட்டபொம்மன் படமாவதற்கு முன்பே அவருடைய சிவாஜி நாடக மன்றம் அதை மேடையேற்றியது. அப்போது அவர் உச்ச நட்சத்திரம்! 'வியட்நாம் வீடு'ம் அப்படித்தான். மேடையில் ஓடிய பிறகே 1970இல் படமானது. அதனால் மேடைக்கு ஒரு அத்தியாயம், சினிமாவுக்கு ஒரு அத்தியாயம் என்று கோடு போட்டால் கதை தப்பிவிடும்.

அப்புறம் அந்த 'மிகை நடிப்பு' பேச்சு. கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடத் துண்டு பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்கள். சிறுவர்களே நடிக்கும் நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்தவர் அவர். சீதை முதலான பெண் வேடங்களிலும் நடித்தார். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் முகம் தெரிய வேண்டும், குரல் போய்ச் சேர வேண்டும். அங்கே கற்ற அளவு அது. அந்த அளவை மட்டும்தான் அறிந்திருந்தார் என்றால், பராசக்திக்கு இரண்டே வருடம் கழித்து வந்த 'அந்த நாள்' எங்கிருந்து வந்தது? வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய படம், பாட்டே கிடையாது. படம் தொடங்கியதும் நாயகன் சுடப்பட்டுச் சாகிறான். போகப் போகத்தான் அவன் நாட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்று தெரிகிறது. அந்த வேடத்தில் சிவாஜி குரலைத் தாழ்த்தி, கணக்காகப் பேசுகிறார். 1985இல் 'முதல் மரியாதை' வந்தபோதுதான் பாரதிராஜா அவரை அடக்கி வாசிக்க வைத்தார் என்பவர்கள் இந்த 31 வருட இடைவெளியைக் கவனிப்பதில்லை. என்ன வேண்டும் என்று இயக்குநர் கேட்டாரோ அதைக் கொடுத்தார் என்றே நினைக்கிறேன். சரி, எழுபதுகளின் பிற்பகுதிப் படங்கள் சிலவற்றை என்னாலும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. அதையும் சொல்லிவிட்டுப் பாராட்டினால்தான் பாராட்டுக்கு மதிப்பு.

விருதுப் பட்டியலில் கோபம்தான் தவறுக்குக் காரணம். கட்டபொம்மனுக்குத் தேசிய விருது மறுக்கப்பட்டது என்பார்கள். நடிகருக்கென்று தேசிய விருது தொடங்கியதே 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான், முதலில் பெற்றவர் உத்தம் குமார். இல்லாத விருதை யார் மறுப்பது? அதற்குப் பிந்தைய படங்களைச் சொல்லிக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். கட்டபொம்மனுக்கு 1960இல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க–ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அதை 'ஆஸ்கருக்கு நிகர்' என்று ஊதத் தேவையில்லை. 1995இல் பிரான்ஸ் கொடுத்த 'செவாலியே'யும் ஒரு விருதின் தனிப்பெயர் அல்ல, அந்நாட்டு விருது வரிசையில் ஒரு படிநிலை.

கடைசியாக, 'தில்லானா மோகனாம்பா'ளில் அவரே நாதஸ்வரம் வாசித்தார் என்ற கதை. வாசித்தவர்கள் மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி செய்தது வேறு: மூச்சு வாங்கும் இடம், கன்னம் உப்பும் அளவு, கழுத்து நரம்பு, சீவாளியை (நாதஸ்வரத்தின் ஊதுமுனையை) உதட்டிலிருந்து எடுக்கும் தோரணை. அடுத்த முறை ஒலியை அணைத்துவிட்டு ஒருதரம் பாருங்கள், அவர் பங்கு எது என்று தனியாகத் தெரியும். பிறகு ஒலியோடு பார்க்கும்போது அந்த இரண்டு சகோதரர்களின் பெயரையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தவில் அடிக்கும் டி.எஸ். பாலையா நிஜமாகவே அடித்தார் என்று மட்டும் ஏனோ யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.