விண்பதியம்: பட்டையை உரித்த பிறகுதான் வேலையே இருக்கிறது

கொய்யா போல, குச்சியாக நட்டால் லேசில் வேர் பிடிக்காத செடிகளுக்கு நான் விண்பதியத்தைத்தான் நம்புவேன். அதாவது, செடியில் இருக்கும் கிளையிலேயே பட்டையை வளையமாக உரித்து, ஈரப் பாசி கட்டி வேர்விட வைத்து, பிறகு வெட்டி நடும் முறை. வேர் வரும்வரை கிளை தாய்ச்செடியிலேயே இருப்பதால் வாடிப்போகும் பயம் இல்லை. எலுமிச்சை, மாதுளை, செம்பருத்தி, குரோட்டன்ஸ் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். செடி நன்றாகத் துளிர்விடும் பருவத்தில் செய்யுங்கள்.

கிளையும் கத்தியும்

பென்சில் பருமனில், முற்றிப் பழுப்பேறிய, நோயில்லாத கிளை வேண்டும். கத்தி மெல்லியதாக, கூராக இருக்கட்டும். பிளேடு மாற்றும் பேப்பர் கத்தியே போதும். காய் நறுக்கும் கத்தி பட்டையை நசுக்கிவிடும், அதைத் தொடவே வேண்டாம்.

வளையம் எடுப்பது

வளையம் எடுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள இலைகளை மட்டும் கிள்ளிவிட்டு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கிளையைச் சுற்றிக் கீறுங்கள். அதற்கு 2.5 முதல் 3 செ.மீ. கீழே இன்னொரு சுற்று. இரண்டையும் சேர்த்து நெடுக்காக ஒரு கீறல் போட்டால் பட்டை வளையமாகக் கழன்று வரும். கழலாமல் கட்டையோடு ஒட்டிக்கொண்டால் செடி இப்போது வளர்ச்சியில் இல்லை. சில வாரம் கழித்துச் செய்யலாம்.

சுரண்டுவது

பதியம் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உரித்த கட்டையை விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று இருக்கும். அதுதான் கேம்பியம். புதுப் பட்டையை உண்டாக்குவது அதன் வேலை.

இலைகள் தயாரிக்கும் சர்க்கரையும், வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோனும் பட்டை வழியாகக் கீழே இறங்குகின்றன. தண்ணீர் உள்கட்டை வழியாக மேலே போகிறது. பட்டையை எடுத்துவிட்டால் தண்ணீர் ஓட்டம் நிற்காது, கிளை பிழைத்திருக்கும். ஆனால் கீழிறங்கும் சரக்கு மேல்வெட்டில் தேங்கி நிற்கும். அங்கேதான் வேர் கிளம்பும். கேம்பியத்தில் ஒரு கீற்று மிச்சமிருந்தாலும் அது புதுப் பட்டையாகி வெட்டின் இரு கரையையும் சேர்த்துவிடும். பிறகு தேங்குவதற்கு எதுவுமில்லை, வேரும் வராது.

ஆகவே கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, கிளையின் பின்பக்கமும் விடாமல், வழுவழுப்பு போய்ச் சொரசொரப்பு தட்டும்வரை சுரண்டுங்கள். கட்டையைக் குடைய வேண்டாம். வேர் ஊக்கிப் பொடி இருந்தால் மேல்வெட்டின் விளிம்பில் மட்டும் லேசாகத் தடவுங்கள்.

கட்டுவது

ஸ்பேக்னம் பாசி (ஈரத்தைப் பிடித்துவைக்கும் பாசி) அல்லது தென்னைநார்க் கழிவை ஊறவைத்து, பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வரும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். என் ஓட்டு பாசிக்குத்தான், உதிராமல் நிற்கும். ஒரு கைப்பிடி எடுத்து, மேல்வெட்டு நடுவில் வரும்படி வைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளைச் சுற்றி இரு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். மேல்முனை தளர்ந்தால் மழைநீர் இறங்கி அழுகிவிடும். நூலைவிட இன்சுலேஷன் டேப் எனக்குப் பிடிக்கும்.

பிரிப்பது

செடியைப் பொறுத்து ஒன்றிரண்டு மாதம் ஆகும். முதல் வெள்ளை வேரைப் பார்த்ததும் வெட்டாதீர்கள். வேர் பழுப்பேறிக் கிளைபிரியட்டும். கட்டுக்குக் கீழே முதலில் பாதியளவு வெட்டி, ஒரு வாரம் விட்டு முழுதாக வெட்டுங்கள். பாலித்தீனை மட்டும் பிரித்து, பாசியோடு நட்டு, இலைகளில் பாதியைக் குறைத்து நிழலில் வையுங்கள்.

பிறகு சேர்த்தது

வேருக்குப் பதில் வெளிறிய முண்டு மட்டும் தெரிகிறது என்று பலர் கேட்டிருந்தார்கள். கிளையில் இலை பசுமையாக இருந்தால் பொறுத்திருங்கள், பல செடிகளில் அதன் பிறகே வேர் வரும். ஆனால் முண்டு இரு வெட்டுகளையும் சேர்த்திருந்தால் மறுபடி சுரண்டிக் கட்டுங்கள்.

நேர்வெயில் படும் கிளையானால் பாலித்தீன் மேல் அலுமினியத் தாள் சுற்றுங்கள். ரப்பர், அத்தி போன்ற பால் வடியும் செடிகளில் பாலை ஈரத்துணியால் துடைத்து, நின்ற பிறகு பாசியை வையுங்கள்.