கறி, முட்டை, பாலை விட்ட பிறகு வந்த பசியும் அசதியும்: சரிசெய்த விதம்

அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் கூடியதும் வீட்டில் எல்லோருமே கறி, முட்டை, பாலை விட்டோம். அப்புறம்தான் சிக்கல். பதினொரு மணிக்கே பிள்ளைகளுக்குப் பசி, அம்மாவுக்கு ஓயாத அசதி.

பசிக்குக் காரணம் தட்டிலேயே தெரிந்தது. சோறு நிறைய, பருப்பு கொஞ்சம். 100 கிராம் துவரம்பருப்பில் புரதம் 20 கிராமுக்கு மேல் உண்டு. ஆனால் நீர்த்த சாம்பாரில் ஆளுக்கு எவ்வளவு பருப்பு போய்ச் சேரும்? காலையில் அடை, மதியம் கெட்டியான கூட்டு, மாலையில் சுண்டல் என்று மாற்றினேன். பசிப் புலம்பல் நின்றது. தயிருக்கு நிலக்கடலைப் பால். பச்சைமிளகாய்க் காம்பு போட்டு உறைய வைக்கிறோம்.

அசதி வேறு கதை. ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்கு வைட்டமின் பி12 குறைவு. பாலையும் விட்டவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும்: கீரையும் பழைய சோறும் பி12-க்கு ஈடாகாது. மருத்துவர் எழுதித்தந்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார், இப்போது தெம்பாக இருக்கிறார். இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரைப் பொரியலில் எலுமிச்சை பிழிகிறோம். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதில்லை. அது இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள்.

தெருவில் சில வீடுகள் சேர்ந்து உழவர் சந்தையில் கீரையும் காயும் மொத்தமாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம். உழவர் சந்தை 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம். விவசாயியிடமே நேராகக் காசு போகிறது. சர்க்கரை நோயுள்ள பக்கத்து வீட்டு அக்காவும் இப்போது மாலையில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல்தான் செய்கிறார்.