பிரிவு விழாவுக்கு ‘ஆல்ட் லாங் ஸைன்’: கூட்டமாகப் பாடப் பழக்குவது எப்படி

ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளிகளில் மார்ச் மாதம் பிரிவு விழாவுக்குப் பாட்டுத் தேடுகிறவர்களுக்கு இந்த ஸ்காட்லாந்துப் பாட்டு தோதானது. ச, ரி, க, ப, த என ஐந்தே சுரம். மோகனம் பழகிய காதில் உடனே ஒட்டிக்கொள்ளும். அங்கே டிசம்பர் 31 நள்ளிரவில் பாடுவார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788இல் எழுதி அனுப்பினார். ஒரு கிழவர் பாடக் கேட்டு எழுதியதாக அவரே சொன்னார். அச்சேறியது அவர் இறந்த 1796இல், அதுவும் வேறு மெட்டில். இன்றைய மெட்டோடு வந்தது 1799இல், ஜார்ஜ் தாம்சனின் தொகுப்பில்.

முதலில் சுருதி. பாட்டு கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி நடு தைவதம் வரை ஏறும். ஆர்மோனியத்தில் 4 கட்டை வையுங்கள். 1 கட்டையில் பிள்ளைகளுக்குக் கீழ்ப் பஞ்சமம் காற்றாகிவிடும். 5 கட்டைக்கு மேலே போனால் தைவதம் கத்தலாகிவிடும்.

கீழ்ப | ச, ச ச க | ரி, ச ரி க | ச, ச க ப | த
த | ப, க க ச | ரி, ச ரி க | ச, கீழ்த கீழ்த கீழ்ப | ச

ஆதி தாளம், நிமிடத்துக்கு 80 அட்சரம் போதும். அதீத எடுப்பு: பாட்டின் முதல் சொல்லான ‘ஷுட்’ தாளத்துக்கு ஒரு அட்சரம் முன்பே வந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் சுரம் ஒன்றரை, அடுத்தது அரை, மற்ற இரண்டும் ஒவ்வொன்று. நம்மவர்கள் எல்லாவற்றையும் ஒரே அளவாகப் பாடிவிடுவார்கள். அப்போது பாட்டு பள்ளி வாய்ப்பாடு மாதிரி ஆகிவிடும். காந்தாரத்தை அசைக்கவும் வேண்டாம், நேராக நிறுத்துங்கள்.

பல்லவி ‘த | ப, க க ச | ரி, ச ரி த | ப, க க ப | த’ என்று போகும். மீதி மேலே உள்ள இரண்டாம் வரியேதான். ரியிலிருந்து தைவதத்துக்குத் தாவும் இடத்தில் கூட்டம் சரியும், வழியில் க, ப தொட்டு ஏறப் பார்ப்பார்கள். அந்த இரண்டு சுரத்தை மட்டும் தனியாகப் பத்து முறை பாட வையுங்கள்.

உச்சரிப்பில் ‘ஸைன்’ என்பதில் ஸகரம்தான், ‘ஜைன்’ அல்ல. ‘ஃபார் த சேக் ஆஃப்’ என்று பலர் சேர்ப்பது பர்ன்ஸ் எழுதியதில் இல்லை. எழுத்து கூடித் தாளமும் இடிக்கும்.

மேடைக்கு முதல் சரணம், கடைசிச் சரணம், பல்லவி போதும். வள்ளி கும்மி ஆடிப் பழகிய ஊர்களில் வட்டம் கட்டச் சொல்லித் தரவே வேண்டாம். ஆனால் கைகளைக் குறுக்கே கோப்பது கடைசிச் சரணத்தில்தான், ‘இதோ என் கை’ என்று வரும் இடத்தில். தொடக்கத்திலேயே கோத்துக்கொள்வது உலகம் முழுக்க நடக்கும் தப்பு. வலது கையை நெஞ்சுக்குக் குறுக்கே இடப்பக்கத்தவரிடமும், இடது கையை வலப்பக்கத்தவரிடமும் நீட்டுங்கள். குறுக்கே போனால் கை எட்டாது. ஆகவே அதற்கு முந்தைய பல்லவியிலேயே எல்லோரும் அரை அடி உள்ளே வந்து வட்டத்தைச் சுருக்கிவிட வேண்டும். சேலையும் வேட்டியும் கட்டியவர்கள் நிற்கும் வட்டமென்றால், கடைசியில் எல்லோரும் நடுவை நோக்கி ஓடும் வழக்கத்தை நடையாக்கிவிடுங்கள்.