ரெட்ரோ ஸ்னீக்கர் வாங்கும்போது பெண்கள் செய்யும் தவறுகள்

கணுக்காலுக்குக் கீழே நிற்கிற பழைய மாடல் ஸ்னீக்கர் ஜீன்ஸுக்கும் எடுக்கும், காட்டன் குர்திக்கும் எடுக்கும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வருகிற பெண்கள் பலர் காலில் இப்போது இதுதான். ஆனால் போட்டோவில் அழகாக இருப்பது வேறு, நம் தெருவில் நடப்பது வேறு.

முதல் தவறு, நம்பரை நம்பி ஆன்லைனில் ஆர்டர் போடுவது. அதே யூகே 5, பெண்கள் அளவில் அடிடாஸில் ஈயூ 38, நைக்கியில் 38.5. அதனால் பாதத்தை அளந்துவிடுங்கள். சாயங்காலம், நடந்து நடந்து கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், குதிகால் சுவரில் படும்படி பேப்பர் மேல் எழுந்து நின்று, பெருவிரல் நுனியில் கோடு போடுங்கள். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு வாங்குங்கள். அகலமும் முக்கியம். அடிடாஸின் சாம்பா மாடல் முன்பக்கம் ஒடுங்கியது. சின்ன வயதிலிருந்து செருப்பிலேயே விரிந்து வளர்ந்த பாதத்துக்கு அது சுண்டுவிரலைக் கடிக்கும். ‘போடப் போட லூசாயிடும்மா’ என்று கடைக்காரர் சொல்வார். லெதர் கொஞ்சம் விடும், சிந்தெடிக் அவ்வளவு சீக்கிரம் விடாது.

அடுத்தது ஸ்வேட். 1966-இல் வந்த அடிடாஸ் கெஸல், 1968-இல் வந்த பூமா ஸ்வேட் இரண்டுக்கும் அழகே அந்த வெல்வெட் மாதிரித் தோல்தான். வியாசர்பாடி, புளியந்தோப்பில் மழைத்தண்ணீர் நிற்கிற ஐப்பசி கார்த்திகையில் அதைப் போட்டு இறங்கினால், காய்ந்ததும் விறைத்துக் கறை படியும். தினசரிக்கு ஒரே ஜோடி என்றால் ஸ்மூத் லெதரே எடுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெள்ளையா கறுப்பா என்பது உங்கள் இஷ்டம்.

சோலைத் திருப்பிப் பார்க்காமல் வாங்குவதும் நடக்கிறது. இந்த மாடல்களில் பலதும் தட்டை, குஷன் குறைவு. நாள் பூராவும் கடையில் நின்று வேலை பார்க்கிறவர்கள் இன்சோல் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்கிற நகல் ஷூ வாங்குகிறவர்கள் முன்பக்கத்தை வளைத்துப் பாருங்கள். சோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவே நகம் நுழைந்தால் பசை சரியில்லை.

நம் ஊரில் வீடு, கோயில், கிளினிக் என்று வாசலுக்கு வாசல் ஷூவைக் கழற்றணும். லேஸை அவிழ்க்கச் சோம்பல்பட்டுக் குதிகாலை மிதித்துக்கொண்டே நுழைப்பதில் பின்பக்கம் மடங்கி நசுங்கிவிடும். எலாஸ்டிக் லேஸ் மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை. சாக்ஸ் மட்டும் போடாமல் இருக்காதீர்கள். நம் புழுக்கத்துக்கு ஒரே வாரத்தில் நாற்றம் ஏறிவிடும்.

நனைந்த ஷூவை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் பசை விட்டுவிடும். உள்ளே தினத்தாளைத் திணித்து ஃபேன் காற்றில் வையுங்கள், தாள் ஊறினால் மாற்றுங்கள்.