டிஸ்கார்டில் மிட்ஜர்னி: முதல் படத்தை வரவழைப்பது எப்படி

ஏஐ மூலம் படம் வரைய விலையுயர்ந்த கணினி வேண்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். எழுத்தில் கேட்டால் படம் வரைந்து தரும் மிட்ஜர்னிக்கு ஒரு போன் போதும். 2022 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டபோது அது டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலிக்குள்தான் இயங்கியது. இப்போது தனி இணையதளமும் உண்டு. ஆனாலும் அரட்டையில் எழுதிப் படம் வாங்குவதுதான் எனக்குப் பழகிப்போன வழி. அதையே சொல்கிறேன்.

முதலில் டிஸ்கார்டில் ஒரு கணக்கு தொடங்குங்கள். மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை அழுத்தி உறுதிசெய்யுங்கள். அப்புறம் மிட்ஜர்னியின் சொந்தத் தளத்தில் உள்ள அழைப்பு வழியாகவே அதன் சர்வருக்குள், அதாவது டிஸ்கார்டில் அதற்கென உள்ள குழுவுக்குள், போங்கள்; வேறு யாரோ பகிர்ந்த இணைப்பு வேண்டாம். சந்தா கட்ட வேண்டும். அடிப்படைத் திட்டம் மாதம் 10 டாலர். ஆண்டுச் சந்தா மலிவுதான், ஆனால் முதல் மாதமே அதில் விழாதீர்கள்.

உள்ளே போனதும் புதியவர்களுக்கான அறைகள் தெரியும். அங்கே ஊரே படம் கேட்டுக்கொண்டிருக்கும். உங்கள் படம் வருவதற்குள் பத்துப் பேருடையது வந்து அதை மேலே தள்ளிவிடும். படங்களை அனுப்பும் தானியங்கிக் கணக்கான ‘மிட்ஜர்னி பாட்’ என்ற பெயரைத் தட்டி அதற்குத் தனிச்செய்தி அனுப்பும் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். இனி எல்லாம் அங்கேதான்.

செய்திப் பெட்டியில் ஒரு சாய்கோடு (/) போட்டு, இடைவெளி விடாமல் ‘இமேஜின்’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். மேலே எழும் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் ‘பிராம்ப்ட்’ என்ற சிறு கட்டம் வரும். உங்களுக்கு என்ன படம் வேண்டும் என்ற விவரணை அந்தக் கட்டத்துக்குள்தான் போக வேண்டும். முதல் நாள் நான் கட்டளையைத் தேர்ந்தெடுக்காமல் எல்லாவற்றையும் சாதாரணச் செய்தியாக அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விவரணையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். அதுதான் சரியாகப் போய்ச் சேர்கிறது. இலக்கணப் பிழை இருந்தால் பரவாயில்லை.

ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் நான்கு படங்கள் ஒரே சட்டத்தில் வரும். முதலில் வெறும் கலங்கலாக இருந்து மெல்லத் தெளியும். புள்ளிகளின் இரைச்சலில் தொடங்கி, படிப்படியாக அதைக் களைந்துதான் மிட்ஜர்னி படத்தை உருவாக்குகிறது. தெளிவில்லாத ஆரம்பத்தைப் பார்த்து ரத்து செய்துவிடாதீர்கள். கீழே யூ1 முதல் யூ4, வி1 முதல் வி4 என்று பொத்தான்கள் இருக்கும். மேல் வரிசையில் இடது 1, வலது 2. கீழ் வரிசையில் 3, 4. யூ அந்தப் படத்தை மட்டும் தனியே எடுத்துத் தரும். வி அதே சாயலில் இன்னும் நான்கு தரும்.

சரி, விவரணைக்கு வருவோம். வேலையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. ‘கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர், மனதை உருக்கும் அழகான படம்’ என்று கேட்டேன். மெழுகு பொம்மை மாதிரி ஒருவர் வந்தார். ‘மனதை உருக்கும்’ என்பதைக் கண்ணால் பார்க்க முடியாதே! பிறகு இப்படி மாற்றினேன்: ‘கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர், ஒரு கண்ணில் உருப்பெருக்கி, இடப்பக்கம் மேசை விளக்கின் மஞ்சள் வெளிச்சம், பின்னால் இருட்டு, அண்மைக் காட்சி, புகைப்படம்.’ இந்த முறை விரல் நகத்திலிருந்த எண்ணெய் அழுக்குவரை வந்தது. ஆள், செய்கை, வெளிச்சம் வரும் திசை, கேமரா எவ்வளவு தூரம், புகைப்படமா ஓவியமா: இவ்வளவுதான் அதற்குத் தேவை.

ஒன்று மட்டும் அடம்பிடித்தது. சுவர்க் கடிகாரம் 4 மணி காட்ட வேண்டும் என்றேன். திரும்பத் திரும்பப் பத்து மணி பத்து நிமிடமே வந்தது. விளம்பரங்களில் கடிகார முட்களை அப்படித்தான் வைத்துப் படமெடுப்பார்கள். மிட்ஜர்னி அதிகம் பார்த்ததும் அப்படிப்பட்ட படங்களைத்தான். இதோடு மல்லுக்கட்டாமல் சுவர்க் கடிகாரத்தையே எடுத்துவிட்டேன்.

எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘தொப்பி இல்லாத முதியவர்’ என்று எழுதினால் பெரும்பாலும் தொப்பியோடு வருவார். ‘தொப்பி’ என்ற சொல்தான் அதன் கண்ணில் படுகிறது. விவரணையின் கடைசியில் இரண்டு சிறுகோடு போட்டு ஆங்கிலத்தில் ‘நோ’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, வேண்டாததைச் சொல்லுங்கள். அதே போல இரண்டு கோடு, ‘ஏ’, ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துகள், இடைவெளி, 16:9 என்று போட்டால் அகலப் படம் கிடைக்கும். ஒன்றும் சொல்லாவிட்டால் சதுரம்தான்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சொல்லை மாற்றிப் பாருங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. விரல்கள் மட்டும் கோணலாக இருந்தால் முழுப் படத்தையும் தூக்கிப் போட வேண்டாம்: யூ அழுத்தியபின் வரும் ‘வேரி ரீஜன்’ பொத்தானில் அந்தக் கையை மட்டும் வட்டமிட்டு மறுபடி வரையச் சொல்லலாம். தமிழ் எழுத்து வேண்டுமென்றால் அதை வேறு செயலியில் மேலே சேர்த்துக்கொள்ளுங்கள். இதனிடம் கேட்டால் எழுத்து மாதிரி ஏதோ கிறுக்கித் தருகிறது.

தனிச்செய்தியில் செய்தாலும் அடிப்படைத் திட்டத்தில் உங்கள் படங்கள் மிட்ஜர்னி தளத்தில் மற்றவர்களுக்கும் தெரியும். வீட்டார் புகைப்படத்தை ஏற்றுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். தவறிப்போய் ஏதாவது செய்துவிட்டால், படம் வந்த அந்தச் செய்திக்குச் சிவப்புப் பெருக்கல் குறி எமோஜியைப் போடுங்கள், படம் நீங்கிவிடும்.