வெயில் குடித்தது எவ்வளவு, மண் குடித்தது எவ்வளவு?

பணியில் இருந்தபோது ஏரியின் கோடைப் பதிவேட்டில் கணக்கு இடிக்கும் தண்ணீரையெல்லாம் 'ஆவியாதல்' கட்டத்தில் எழுதிவிடுவோம். நானும் எழுதியிருக்கிறேன். கத்தரி வெயில் வந்து மறுக்கவா போகிறது? இப்போது ஓய்வு பெற்று செங்குன்றத்தில் இருக்கிறேன். காலையில் புழல் ஏரிப் பக்கம் நடக்கும்போதெல்லாம் அந்தக் கட்டம்தான் நினைவுக்கு வரும். புதிதாக ஏரிக் கணக்குக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பான். ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது என்று அளக்க வைக்கும், சுமார் 4 அடி அகலம், 10 அங்குல ஆழம் உள்ள வட்டத் தொட்டி. கட்டடமோ மரமோ நிழல் போடாத இடத்தில், மரச்சட்டத்தின் மேல் வையுங்கள். நம் ஐஎஸ்ஐ (இந்தியத் தர அளவு) பானுக்குக் கம்பிவலை உண்டு. அதைக் கழற்றினால் காக்கை குடித்த தண்ணீரும் ஆவியாகிவிடும், கணக்கில்! பக்கத்திலேயே மழைமானி வேண்டும். பெருமழை நாளில் தண்ணீர் தெறித்து வழியும், அன்றைய அளவை விட்டுவிடுங்கள்.

பான் சின்னது, சீக்கிரம் சூடாகும். அதனால் ஏரியை விட அதிகம் காட்டும். ஐஎஸ்ஐ பானுக்குப் பொதுவாக 0.8 ஆல் பெருக்குவோம், அமெரிக்க கிளாஸ் ஏ பானுக்கு 0.7.

ஆனால் பெரிய பிழை பானில் இல்லை, பரப்பில் இருக்கிறது. நம் ஏரிகள் ஆழம் குறைந்தவை. மட்டம் சில அடி இறங்கினாலே தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிவிடும். நிறைந்தால் 20 சதுர கிலோமீட்டர் இருக்கும் ஓர் ஏரி, மே மாதத்தில் 12 ஆகச் சுருங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் பான் 7 மில்லிமீட்டர் காட்டினால் ஏரிக்கு 5.6. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 10 லட்சம் லிட்டர். ஆக, போனது 6.72 கோடி லிட்டர், ஏறக்குறைய 2.4 மில்லியன் கன அடி. பழைய பழக்கத்தில் முழுப் பரப்பைப் போட்டால் 4 வரும். அந்த வித்தியாசம் 12,000 லிட்டர் லாரியில் நாளைக்கு 3,700 நடை! பரப்பை சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் இலவசமாகவே அளக்கலாம். வண்டல் சேர்ந்த ஏரிக்குப் பழைய கொள்ளளவு அட்டவணையை நம்பாதீர்கள்.

அப்புறம் கசிவு. உள்வரத்தும் மழையும் இல்லாத வாரங்களை மட்டும் ஜனவரியிலிருந்து ஜூன் வரை பொறுக்குங்கள். ஏரி இறங்கிய மில்லிமீட்டரிலிருந்து மதகு வழியே போனதைக் கழியுங்கள். மீதியை மேலே, பான் அளவைக் கீழே வைத்து வரைபடத்தாளில் புள்ளி வையுங்கள். கோடு போட்டால் அதன் சரிவு உங்கள் ஏரிக்கே உரிய பெருக்கு எண், 0.8ஐ இரவல் வாங்க வேண்டியதில்லை. பான் பூஜ்யமாகும் இடத்தில் கோடு காட்டுவது கசிவு, கூடவே கணக்கில் வராத எடுப்பும். மட்டம் உயர்ந்திருக்கும்போது கசிவு கூடும் என்பதால், முடிந்தால் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் தனித்தனிக் கோடு போடுங்கள். நாள் கணக்கில் முயலாதீர்கள், அளவுகோலில் அவ்வளவு நுணுக்கம் கிடையாது.

இன்னொன்று. கடற்காற்று வீசினால் தண்ணீர் மேற்குக் கரைப் பக்கம் ஒதுங்கி மட்டம் உயர்ந்தது போலத் தெரியும். காற்று எழும்பும் முன், தினமும் அதே காலை நேரத்தில் பாருங்கள். மாலை நாலு மணிக்குப் பார்த்துவிட்டுக் காலை என்று எழுதும் வழக்கம் எனக்கும் தெரியும் தம்பி, வேண்டாம்.