வெளிநாட்டில் ஒரு செமஸ்டர்: நம் பிள்ளைகள் கோட்டைவிடும் இடங்கள்

போன மாதம் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், வணிக நிர்வாகம் படிக்கும் ஒரு தங்கச்சி தன் அம்மாவோடு என் வீட்டுக்கு வந்தார். கையில் ஏஜெண்டு கொடுத்த வழவழப்பான தாள். ஆஸ்திரேலியாவில் ஒரு செமஸ்டருக்கு முழுக் கட்டணம் போட்டிருந்தது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அந்த அம்மா, "நகையை அடகு வைக்கட்டுமா?" என்று கேட்டார். எனக்கு மனசு பதைத்துவிட்டது.

முதல் தவறு அதுதான்: சொந்தப் பல்கலைக்கழகத்தின் அனைத்துலக உறவு அலுவலகத்தைத் தாண்டி வெளியே தேடுவது. மாணவர் பரிமாற்றம் என்றால், பெரும்பாலும் இங்கே கட்டும் கட்டணத்தோடு சரி. அங்கே தனியாகக் கட்ட வேண்டியதில்லை. விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு, காப்புறுதி, விசா ஆகியவைதான் நம் செலவு. தானாக விண்ணப்பித்துப் போனால் கட்டணமும் நம் தலையில். பக்கத்து நாடுகளையும் ஒதுக்காதீர்கள். மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் 2010இல் தொடங்கிய ஏய்ம்ஸ் (AIMS) என்ற ஆசியான் மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் அனைத்துலக வணிகமும் ஒரு துறை.

அப்புறம், பாடங்கள். பலர் இதில்தான் ஒரு செமஸ்டரையே இழக்கிறார்கள். அங்கே படித்த பாடத்தின் கிரெடிட் இங்கே சேருமா என்பதைப் புறப்படும் முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். வாய் வார்த்தையை நம்பிப் போய், திரும்பி வந்து அதே பாடத்தை மறுபடி படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வரி, நிறுவனச் சட்டம் இரண்டையும் இங்கேயே முடித்துவிடுங்கள். ஜெர்மனியில் வரிப்பாடம் எடுத்தால் அந்த நாட்டு வரியைத்தான் சொல்லித்தருவார்கள். நம் கணக்கியல் மாணவருக்கு அது ஈடாகாது. அனைத்துலகச் சந்தைப்படுத்தல், வியூக மேலாண்மை, விருப்பப் பாடங்கள் ஆகியவற்றை அங்கே வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பாடம் அங்கே ரத்தானாலும் கை கொடுக்க, இரண்டு மாற்றுப் பாடங்களுக்கும் சேர்த்தே ஒப்புதல் கேளுங்கள்.

"நம்ம பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பாவில் விசா வேண்டாமே" என்பார்கள். சுற்றிப் பார்க்கப் போனால் சரி, ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா விதியைப் பின்பற்றும் ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். ஒரு செமஸ்டர் நான்கைந்து மாதம் போகும். நீண்ட நாள் தங்கும் அனுமதியைத் தனியாக வாங்கியே ஆக வேண்டும்.

விசாவுக்குப் பணம் காட்டுவதிலும் சறுக்கல் உண்டு. சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கி, விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் அம்மாவின் பேங்க் புத்தகத்தில் போடுவார்கள். மாதாமாதம் சம்பளம் வந்து கரையும் பதிவுகளுக்குக் கீழே திடீரென்று ஒரு பெரிய தொகை! பார்ப்பவர் 'எங்கிருந்து வந்தது?' என்றுதான் கேட்பார். நாட்டுக்கு நாடு கணக்கும் வேறு. ஜெர்மனி 2024 செப்டம்பரிலிருந்து மாதம் 992 யூரோ, ஓராண்டுக்கு 11,904 யூரோ என்று முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று பூட்டிவைக்கும் பேங்க் கணக்கு) காட்டச் சொல்கிறது. உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அதை முதலில் இணையுங்கள்.

ஐஈஎல்டிஎஸ் (IELTS) ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணை இரண்டு ஆண்டுகள்தான் ஏற்பார்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே எழுத வேண்டாம். பட்டம் முடித்த கையோடு முதுகலை படிக்க பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் வேண்டாம். அதற்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள்.

அந்தத் தங்கச்சியின் பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்திரேலியாவில் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தது. இப்போது ஐந்து பாடங்களின் பட்டியலோடு புலத் தலைவரின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார். நகை அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது.